நான் இறங்கவில்லை

டிசம்பர் கடைசியில் அமிர்தராஜ் என்னை ஒரு இங்கிலீஷ் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். என் மனைவி செல்வமேரி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும் என்பது அவன் கட்சி. எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. போனேன்.

நான்கு பட்டணத்து நண்பர்கள் பனிமலையில் வழி தவறும் படம். குளிர், பசி, ஓநாய். கடைசியில் ஒரே கயிற்றில் எல்லோரும் தொங்குகிறார்கள். கயிறு தாங்காது. அடியில் தொங்குகிறவன் தனக்கு மேலே கயிற்றை அறுத்துக்கொண்டு விழுகிறான். அவனுக்கு வீட்டில் யாரும் இல்லை. மனைவி இறந்துவிட்டாள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தியேட்டரில் கைதட்டல். அமிர்தராஜும் தட்டினான். பிறகு பக்கத்தில் நான் இருப்பது ஞாபகம் வந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

நான் தட்டவில்லை. அழவும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு இரண்டுமே வரவில்லை. கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பகலில் தவளைகளைப் பலகையில் ஊசி குத்தி வைப்பேன். சாயங்காலம் உறையூருக்கு டவுன் பஸ் பிடிப்பேன். வீட்டில் ரேடியோ பாடும். என்ன பாடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செல்வமேரிக்கு வந்தது மஞ்சள் காமாலை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவருடைய சித்தம் என்றார்கள். அவரிடம் விசாரித்துவிட்டு நேராக வந்தவர்கள் மாதிரி சொன்னார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

படம் முடிந்து டீ குடிக்கும்போதே அமிர்தராஜ் திட்டம் போட்டுவிட்டான். அவன் வங்கியில் கேஷியர். எதையும் கட்டுக் கட்டாக அடுக்கித்தான் பேசுவான். குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வருகிறது, சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டால் பச்சைமலை போய்வரலாம், ஞாயிறு காலைப் பூசைக்கு ஊரில் இருக்கலாம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நான்கு பேரும் போகவேண்டும் என்றான்.

மற்ற இருவர் கிளமென்ட்டும் வரதனும். கிளமென்ட் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் எல்லோரும் ஒல்லியாக இருந்த காலத்திலேயே அவன் குண்டு. மனைவி லூர்துராணி, இரண்டு பெண் குழந்தைகள். வரதன் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், ஒரு வக்கீலிடம் ஜூனியர். மாசியில் அவனுக்குக் கல்யாணம். பிரம்மசாரியாகக் கடைசி ஊர்சுற்றல் என்று சொல்லி அம்மாவிடம் அனுமதி வாங்கி வந்தான்.

பச்சைமலை நம் மாவட்டத்து மலைதான். துறையூருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அடிவாரத்து ஊரில் இறங்கி நடக்கவேண்டும். புலி கிடையாது. கரடி உண்டு என்றார்கள். மேலே போகிற மருதை என்ற மலைக்காரர் எங்களோடு சேர்ந்து நடந்தார். வழியில் ஓரிடத்தில் பாதை ஒரு பெரிய பாறையின் அடியில் நுழைந்து போனது. அங்கே அவர் உதட்டில் விரல் வைத்தார். அமிர்தராஜின் சிகரெட்டை வாங்கித் தரையில் தேய்த்தார். நிமிர்ந்து பார்த்தோம். பாறையின் கீழ்ப்பக்கத்தில் கறுப்புக் கம்பளிகளைக் காயப்போட்டதுபோல மலைத்தேன் அடைகள் தொங்கின. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அந்தப் பக்கம் போனதும் கிளமென்ட் இது படத்தைவிட நன்றாக இருக்கிறது என்றான். அன்று மேலே ஒரு சிற்றூரின் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம்.

சனிக்கிழமை காலை நாங்களாகவே இறங்கினோம். வந்த வழிதானே என்று அமிர்தராஜ் சொல்லிவிட்டான். வெயில் இல்லை, வானம் முழுக்க மூட்டம். ஒரு பாறை மேட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது. முந்தின நாள் பேசிக்கொண்டே ஏறியதில் இந்தப் பிரிவை யாரும் கவனிக்கவில்லை. மேட்டில் நின்று பார்த்தால் சமவெளி சாம்பலாகக் கிடந்தது. அதன் நடுவே மூட்டத்துக்கு மேல் ஒரு பாறை தெரிந்தது. பாறை உச்சியில் கட்டடம்.

மலைக்கோட்டை என்றான் அமிர்தராஜ்.

யாரும் மறுக்கவில்லை. திருச்சியில் பிறந்தவனுக்கு அது ஒரு வியாதி. எங்கே நின்றாலும் தலையைத் தூக்கி அதைத்தான் தேடுவான். பாலக்கரையில் நின்றால் ஒரு பக்கம், உறையூரில் நின்றால் இன்னொரு பக்கம், ஸ்ரீரங்கத்தில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில். அதை வைத்துத்தான் வீட்டுக்குப் போவான். வடக்கு தெற்கு கேட்டால் விழிப்பான். பாறையும் உச்சியில் கோயிலும் உலகத்தில் ஒன்றுதான் என்று நான்கு பேரும் நம்பினோம். நான்கு பேரும் பட்டதாரிகள்.

மலைக்கோட்டை தெற்கே. அப்படியென்றால் பஸ் நிற்கும் ஊர் வலது கைப்பக்கம். அமிர்தராஜ் கணக்குப் போட்டான், நாங்கள் வலது பக்கத்துப் பாதையில் இறங்கினோம். பாதை ஆட்டுத் தடமானது. தடம் புதராக முடிந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்தோம். ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தப் பாறை தெரிந்தது. தெரியத் தெரியத் தைரியம் வந்தது.

மூட்டம் கொஞ்சம் விலகியபோது வரதன் நின்றுவிட்டான்.

"ஏண்டா, அது மலைக்கோட்டைன்னா காவேரி எங்கே? கொள்ளிடம் எங்கே? ரெண்டு ஆத்தையும் யார் எடுத்துண்டு போனா?"

பாறையைச் சுற்றி வறண்ட நிலம்தான் கிடந்தது. வரதன் இன்னும் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு, அது துறையூருக்குப் பக்கத்துப் பெருமாள் மலை, சித்தப்பாவோடு போயிருக்கிறேன் என்றான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அமிர்தராஜ் பாய்ந்தான். அப்போது கீழேயிருந்து பார்த்தது, மேலேயிருந்து பார்த்ததில்லையே என்றான் வரதன். உச்சிப் பிள்ளையாரை நம்பி வந்தவர்களைப் பெருமாள் கைவிட்டுவிட்டார் என்று கிளமென்ட் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதுதான் கடைசி.

நாங்கள் நின்றது ஒரு வறண்ட ஓடையின் தலைப்பில். உருளைக் கற்கள். திரும்பி ஏறுவதற்காக கிளமென்ட் உடம்பைத் திருப்பினான். கல் நழுவியது. அவன் விழுந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தோளிலிருந்த பை ஓடையில் உருண்டு போனது. சாப்பாடு, தண்ணீர் கேன், டார்ச், எல்லாம் அதில்.

ஒரு குச்சியும் துண்டுகளும் வைத்துக் காலைக் கட்டினேன். தவளைக் காலில் எலும்பு எங்கே இருக்கும் என்று தெரியும்; இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். கிளமென்ட்டின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. யாராவது எங்களைத் தேடி வருவார்கள் என்று நினைக்க இடமில்லை. நாங்கள் இந்தப் பக்கம் வந்தது எங்களுக்கே தெரியாமல்தான்.

ஓடை கீழே போகப் போகக் குறுகி, ஒரு பாறை விளிம்பில் மறைந்தது. விளிம்புக்கு அப்பால் வெகு ஆழத்தில் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. ஏதோ ஒரு ஊர். அமிர்தராஜ் ஒரு கல்லை உருட்டிவிட்டான். அது விளிம்பைத் தாண்டியது. சத்தம் வருவதற்குள் அவன் பேச ஆரம்பித்தான்.

ஒருவன் இறங்கிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தால் போதும் என்றான். வந்த வழியே சுற்றிப் போனால் இருட்டிவிடும், கிளமென்ட் தாங்கமாட்டான். இறங்குகிறவன் பாறையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினால் ஒன்றும் ஆகாது. பிறகு அடுக்கத் தொடங்கினான். வரதனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. தனக்கு மூன்று குழந்தைகள், அப்பா படுத்த படுக்கை. அத்தோடு நிறுத்திக்கொண்டான். கிளமென்ட்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வரதனும் அங்கேயே பார்த்தான்.

நான் எழுந்துவிட்டிருந்தேன். ஷூ லேஸை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். பயம் இல்லை. சொல்லப்போனால் சௌகரியமாக இருந்தது; யாரோ ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனமாதிரி. விளிம்பை நோக்கி நடந்தேன். காலடியில் கற்கள் உருண்டன. அமிர்தராஜ் கூடவே கொஞ்சதூரம் வந்து என் முதுகில் தட்டினான். அன்பாகத்தான் தட்டினான்.

"உனக்குன்னா யாரும் இல்லடா. கவலையில்லாம இறங்கலாம்."

என் வலது கால் ஒரு ஆடும் கல்லின்மேல் இருந்தது. அதிலிருந்து காலை எடுத்துக் கெட்டியான தரையில் வைத்தேன்.

"நான் இறங்கல" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. கால் வழுக்குகிறதா என்று கேட்டான்.

"வழுக்கல. இறங்கல. நீ இறங்கு."

"எனக்கு மூணு பிள்ளைங்கடா."

"தெரியும். மூணு ஞானஸ்நானத்துக்கும் வந்திருக்கேன்."

நான் திரும்பி வந்து கிளமென்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அமிர்தராஜ் முதலில் கெஞ்சினான். பிறகு கத்தினான். சிநேகிதன் சாகக் கிடக்கும்போது உயிருக்குப் பயப்படுகிற கோழை என்றான். நீ அவள் போனபோதே பாதி செத்துவிட்டாய், இப்போது எதைக் காப்பாற்றிக்கொள்கிறாய் என்று கேட்டான். கேட்டபிறகு அவனே வாயை மூடிக்கொண்டான்.

"எனக்கு யாரும் இல்ல" என்றேன். "சரி. அதுக்காக நான்தான் சாகணும்னு எங்கேயும் எழுதி வைக்கல. பிள்ளைகுட்டி இருக்கிறவனுக்கு ஒரு உயிர், இல்லாதவனுக்கு அரை உயிரா? இது என்னுது. நான் தரமாட்டேன்."

ஏழு மாதத்தில் நான் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். அது கோபம். ஜூன் மாதமே வந்திருக்கவேண்டும். வழி தெரியாமல் இப்போதுதான் வந்து சேர்ந்தது. அமிர்தராஜ்மீது மட்டும் இல்லை. துக்க வீட்டில் என் கையைப் பிடித்தவர்கள், மறுமாதமே வேறு பெண் பார்க்கிறேன் என்றவர்கள், படத்தில் கயிறு அறுந்ததும் கைதட்டியவர்கள், எல்லோர்மீதும்.

அப்போது கிளமென்ட் கண்ணைத் திறந்தான். சண்டை வேண்டாம், என்னை விட்டுவிட்டு நீங்கள் மூன்று பேரும் போங்கள் என்றான்.

வரதன் அவன் பக்கத்தில் குனிந்தான். "சினிமால பேசற மாதிரி பேசாதேடா. உன்னை விட்டுட்டுப் போனா லூர்துராணிக்கு யார் பதில் சொல்றது? அதுக்கு இந்த மலைக் கரடியே தேவலை."

இவனைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போவோம் என்றேன் நான். ஒருவன் இறங்கிப் போய்விட்டால் மிச்சம் இருவர். இருவரால் ரொம்ப தூரம் தூக்கமுடியாது. மூன்று பேர் இருந்தால் இருவர் தூக்கலாம், ஒருவன் தோளை ஆற்றிக்கொள்ளலாம். நிற்காமல் போகலாம். அமிர்தராஜ் கிளமென்ட்டின் வயிற்றைப் பார்த்தான். இவனையா என்று கேட்டான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இளைத்திருக்கிறேன் என்று கிளமென்ட் முனகினான்.

காய்ந்து சாய்ந்து கிடந்த ஒரு மூங்கிலைப் பிடுங்கினோம். படுக்கக் கொண்டுவந்த ஜமுக்காளத்தை அமிர்தராஜ் சுமந்துகொண்டிருந்தான். அதன் இரு முனைகளையும் மூங்கிலில் முடிந்தோம். தூளி ஆயிற்று. அதில் கிளமென்ட்டைப் போட்டோம். அமிர்தராஜ் முன்னால், நான் பின்னால். தோளில் ஏற்றி நடந்தோம்.

கிளமென்ட் அலறினான்.

எங்கள் கோயில் திருவிழாவில் நாங்கள் சின்ன வயதிலிருந்து சப்பரம் தூக்கியிருக்கிறோம். பேண்டு அடிக்கு ஏற்றபடி தோளைக் குலுக்கித் தூக்குவோம். மாதா தலையில் கிரீடம் ஆடவேண்டும், அதுதான் அழகு. எங்களுக்குத் தெரிந்த தூக்கல் அது ஒன்றுதான். இப்போதும் அப்படித்தான் தூக்கியிருக்கிறோம், எங்களை அறியாமல்.

வரதன் குறுக்கே வந்து மூங்கிலைப் பிடித்து நிறுத்தினான். "நீங்க மாதாவைத் தூக்கற லட்சணத்துல இவனைத் தூக்கினா, அடிவாரம் போறதுக்குள்ள இவன் மாதாகிட்டயே போயிடுவான்."

அவன் சித்தப்பா ஸ்ரீரங்கத்தில் பெருமாளின் பல்லக்கைத் தூக்குகிறவர்களில் ஒருவர். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். சித்தப்பாவின் பக்கத்திலேயே நடந்து நடந்து வரதனுக்கு அந்த நடை வந்திருந்தது. வக்கீல் ஆனபிறகு அதை யாரிடமும் காட்டியதில்லை. இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு நடந்து காட்டினான். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கவேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்கக்கூடாது. தரையோடு ஒட்டி நகர்த்தி, முழுசாக ஊன்றியபிறகுதான் கனத்தை அதில் மாற்றவேண்டும். முன்னால் இருப்பவன் வலது காலை எடுத்தால் பின்னால் இருப்பவன் இடதை எடுக்கவேண்டும். இருவரும் ஒரே காலை எடுத்தால் தூளி ஊஞ்சல் ஆகிவிடும்.

"பெருமாள் அலுங்கப்படாது. அவ்வளவுதான் பாடம்" என்றான்.

தன்னை ஐயங்கார் ஆக்கிவிட்டுத்தான் விடுவான் போலிருக்கிறது என்று அமிர்தராஜ் முணுமுணுத்தான். ஆனால் முழங்காலை மடித்தான். இரண்டாவது முறை தூக்கியபோது கிளமென்ட் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வந்தான்.

அப்படியே நடந்தோம். தோள் மாற்றினோம். புதரில் முழங்கை கிழிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு மரத்தடியில் நெல்லிக்காய் உதிர்ந்து கிடந்தது. பொறுக்கி ஆளுக்குக் கொஞ்சம் மென்றோம். அமிர்தராஜ் நடந்தபடியே செபமாலை சொல்ல ஆரம்பித்தான். முதல் பாதியை அவன் சொல்ல, மறுபாதியைக் கிளமென்ட் தூளிக்குள்ளிருந்து சொன்னான். கொஞ்சநேரத்தில் கிளமென்ட்டின் குரல் தேய்ந்தது. நீயாவது சொல்லேன் என்று அமிர்தராஜ் என்னைக் கேட்டான்.

"எனக்கு மூச்சு வேணும்" என்றேன்.

அவன் வற்புறுத்த வாயெடுத்தான். அதற்குள் வரதன் எனக்குப் பதிலாகச் சொல்லத் தொடங்கிவிட்டான். எங்களோடு படித்ததில் அவனுக்கு எல்லாம் மனப்பாடம். ஒரு சொல் பிசகவில்லை. கடைசியில் ஆமென் மட்டும் சொல்லாமல் விட்டான். அது உங்கள் பாகம் என்றான்.

பாறை மேட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது பகல் சரியத் தொடங்கியிருந்தது. சரியான பாதையில் திரும்பினோம். கொஞ்சதூரம் இறங்கியதும் அந்தப் பெரிய பாறை வந்தது.

அதை எல்லோரும் மறந்திருந்தோம். பாதை பாறைக்கு அடியில் ஒரு ஆள் அகலத்துக்கு நுழைந்து போனது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் சரிவு. தலைக்கு மேலே அந்தக் கறுப்புக் கம்பளிகள். சும்மா தொங்கவில்லை. அவற்றின்மேல் அவ்வப்போது ஒரு பளபளப்பு ஓடி மறைந்தது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கிக் காட்டுகின்றன. மாணவர்களுக்குப் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். எச்சரிக்கை என்று அதற்கு அர்த்தம்.

இருட்டட்டும், தேனீ அடங்கிவிடும், பிறகு போகலாம் என்றான் அமிர்தராஜ். இருட்டில் தேனீக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் பாதை தெரியாது. டார்ச் ஓடையில் கிடந்தது. இப்போதே போகவேண்டும் என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஓடைக்குப் பிறகு அவன் என்னை எதிர்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தான். சட்டைப் பையிலிருந்த சிகரெட்டை எடுத்து ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு முதலில் போனான். தலைகுனிந்து, மெதுவாக, மறுமுனைக்குப் போய் நின்றான்.

வரதன் முன்னால், நான் பின்னால். கிளமென்ட்டின் வாயில் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். தூக்கினோம்.

பாதத்தை நகர்த்து. ஊன்று. கனத்தை மாற்று. வரதனின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். மேலே ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது. தூரத்தில் ஒரு மாவுமில் ஓடுவதுபோல. பாதி வழியில் ஒரு தேனீ வந்து என் இடது கண்ணுக்குக் கீழே உட்கார்ந்தது. இரண்டு கையும் மூங்கிலில். ஊதினால் மூச்சின் வாசனைக்கே மற்றவை வரும். அது கன்னத்தில் ஊர்ந்து இமைக்கு ஏறியது. கண்ணை மூடினேன். கொட்டியது.

வலித்தது. நன்றாக வலித்தது. கண்ணிலிருந்து மண்டைக்குள் போய், பல்லுக்கு இறங்கி, திரும்பக் கண்ணுக்கு வந்தது. ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தின் நெடி மற்றவற்றைக் கூப்பிடும். தெரியும். இரண்டாவது காதில். மூன்றாவது கழுத்தில். சத்தம் ஒரு படி ஏறியது. வரதனின் முதுகு விறைத்தது. ஓட நினைக்கிறான் என்று புரிந்தது.

"அலுங்கப்படாது" என்றேன், உதடு அசையாமல்.

அவன் முழங்கால் மறுபடியும் மடிந்தது. பாதம் நகர்ந்தது.

மறுமுனையில் நின்ற அமிர்தராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டான். அவன் வெளியே இருந்தான். நாலு எட்டில் சரிவில் இறங்கி மறைந்திருக்கலாம். திரும்பப் பாறைக்கடியில் வந்தான். வரதனை ஒட்டி, சுவரோடு சுவராக நகர்ந்து என்னிடம் வந்தான். என் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்து மூங்கிலை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் ஒன்று கொட்டியது. நான் சுவரைத் தடவிக்கொண்டு பின்னால் நடந்தேன். அப்படி வெளியே வந்தோம். பிறகும் கொஞ்சதூரத்துக்கு யாரும் வேகமாக நடக்கவில்லை.

அடிவாரத்து ஊரில் விளக்கு ஏற்றும் நேரம். ஒரு வாழைத்தார் லாரி துறையூருக்குப் போகத் தயாராக இருந்தது. மயிலம்மாள் என்ற டீக்கடைக்காரி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த ஓடை எந்த ஊருக்கு இறங்குகிறது என்று வரதன் அங்கே விசாரித்தான். அந்தப் பக்கம் நிறைய ஓடைகள் இருக்கின்றன, எதைச் சொல்கிறீர்கள் என்றார்கள். அங்கே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சி ஆஸ்பத்திரியில் கிளமென்ட்டின் கால் மாவுக்கட்டில் தொங்கியது. பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராகப் பலர் வந்திருந்தார்கள். என் இடது கண் இன்னும் திறக்கவில்லை. அமிர்தராஜ் கட்டிலின் தலைமாட்டில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். பாறை, தேனீ, மூங்கில் எல்லாம் சரியாகத்தான் வந்தன. ஓடை மட்டும் வரவில்லை. கடைசியில் என்னைக் காட்டி, பிலோமின் தன் உயிரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று முடித்தான். நன்றிப் பூசை ஒன்று வைக்கவேண்டும் என்றார் ஒருவர்.

கிளமென்ட்டின் அம்மா ரோசம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பிடி தெரியும்.

"உயிரைத் துச்சமா நெனச்சு எம் புள்ளயத் தூக்கிட்டு வந்தியேப்பா. ஆண்டவரு சித்தம், உன்னை அங்க அனுப்பிவச்சாரு."

"துச்சமா நினைக்கலம்மா" என்றேன். "என்னைத் தனியா ஓடையில இறங்கச் சொன்னாங்க. இறங்கினா பிழைப்பேனான்னு தெரியல. மாட்டேன்னுட்டேன். எனக்கு உயிர் வேணும்னுதான் சொன்னேன்."

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று அமிர்தராஜ் மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். நீ சொல்கிற கதையில் நான் பாதி செத்தவன், நான் செத்தவன் இல்லை என்றேன்.

ரோசம்மாள் கையை விட்டுவிட்டார். ஜன்னலோரம் காபி ஊற்றிக்கொண்டிருந்த லூர்துராணி திரும்பினாள்.

"அண்ணே, இவரு அங்க காலொடிஞ்சு கெடக்கறப்போ, நீங்க போகமாட்டேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் பொண்ணு. யாரும் இல்லாத நீங்களே போகலன்னா..."

"முடிங்க, பரவாயில்ல" என்றேன். "நான் போயிருக்கணும்னு நீங்க நினைக்கலாம். நினைங்க. அடுத்த தடவையும் போகமாட்டேன். தூக்கச் சொன்னா தூக்குவேன்."

ராணி, விடு என்றான் கிளமென்ட் கட்டிலிலிருந்து. அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்காகக் காபி கொடுத்தாள். அமிர்தராஜுக்குக் கொடுத்தாள். வரதன் வெளியில் சாப்பிடமாட்டான் என்று தெரிந்தும் கேட்டுப் பார்த்தாள், அவன் வாங்கிக்கொண்டான். என்னைத் தாண்டிப் போய் ஃபிளாஸ்க்கை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குழந்தைகளைக் கூட்டிவருகிறேன் என்று வெளியே போனாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் மணி அடிக்கவில்லை. நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். ஒரு கண்ணால் பார்த்து ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். இன்னும் ஒரு டம்ளருக்கு இருந்தது. ஊற்றிக்கொண்டு வந்து கிளமென்ட்டின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தேன். சர்க்கரை போதவில்லை. ஃபிளாஸ்க் பக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன்.